ஆட்டுக்கொட்டகையில் கிடைத்த புதுப்பூச்சி

அறந்தாங்கிக்குத் தெற்கே, ஆடு வளர்க்கும் ஓர் அக்காவின் கொட்டகையில்தான் அந்தப் பூச்சி எனக்குக் கிடைத்தது. கடுகளவுகூட இல்லாத, ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி. அந்த மழைக்காலத்தில் அங்கே செம்மறிகள் முகம் வீங்கி, வாயில் நுரை தள்ளிச் செத்துக்கொண்டிருந்தன. நீலநாக்கு நோய். அதைப் பரப்புவது இந்த வகைப் பூச்சிகள்தான். கல்லூரியில் விலங்கியல் நடத்தும் நான், பொழுது சாயும்போது கொட்டகையில் பூச்சிகளை வெளிச்சத்தால் ஈர்த்துப் பிடிக்கும் விளக்குப்பொறியைக் கட்டிவிட்டு, விடிந்ததும் போய் எடுத்து வருவேன்.

நுண்ணோக்கியில் பார்த்தபோது சில பூச்சிகளின் இறக்கைப் புள்ளிகள் நான் அறிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. புதிய இனம் என்று நிறுவ ஆண்பூச்சியின் வயிற்று நுனியைப் பிரித்து வரைய வேண்டும். என்னிடம் ஒரே ஓர் ஆண்தான் இருந்தது. செத்த பூச்சிதான் என்றாலும் மூச்சுக்காற்று பட்டாலே பறந்துவிடும். மின்விசிறியை நிறுத்தி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஊசியால் தொட்டேன். நுனி கழன்று காணாமல் போனது. மேசையை அங்குலம் அங்குலமாகத் தேடினேன். கடைசியில் பார்த்தால் அது ஊசியிலேயே ஒட்டியிருந்தது.

அருங்காட்சியக மாதிரிகளோடும் ஒப்பிட்டு, புதிய இனம்தான் என்று உறுதியானதும் அக்காவிடம் சொல்லப் போனேன். கிடைத்த ஊரின் பெயரையே வைப்பது வழக்கம் என்றேன். அவர் கையிலிருந்த தழைக்கட்டைக் கீழே வைத்தார்.

"எங்க ஊரு பேர வச்சிறாதீங்க டீச்சர். ஆடு வாங்க ஒருத்தன் இங்கிட்டு வரமாட்டான்."

இந்தப் பூச்சி நோயைப் பரப்புமா என்பதே இன்னும் தெரியாது என்றேன்.

"தெரியாதுன்னு நீங்க சொல்றீங்க. யாவாரி அப்படிச் சொல்லுவானா?"

இறக்கைப் புள்ளிகளை வைத்தே பெயர் சூட்டினேன். ஆனால் எங்கே பிடித்தது என்பதைக் கட்டுரையில் எழுதாமல் இருக்க முடியாது. அதையும் முன்கூட்டியே அவரிடம் சொன்னேன். யார் அதைப் படிப்பார்கள் என்று கேட்டார். என்னைப் போன்ற நாலு பேர் என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

கட்டுரை வெளிவந்தது. பாராட்டு வந்த ஒவ்வொரு முறையும் எனக்குள் அந்த வியாபாரிகள்தான் வந்து நின்றார்கள். இதுவரை யாரும் விசாரிக்கவில்லை, ஆடுகள் விற்கின்றன என்கிறார் அக்கா. பூச்சியில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று இப்போது வேறோர் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. மின்னஞ்சலைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஆய்வுக்கூடத்தின் பெயரைத்தான் முதலில் தேடுகிறேன்.