ஸ்டெல்லா டீச்சர் தம்பியை அனுப்பாத வீடுகள்

செய்தி அஞ்சலையின் குரலில் வந்தது. நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"சார், டீச்சர் போயிட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறேன்னா என்னம்மா அர்த்தம்?"

"கதவு உள்ள தாழ்ப்பா போட்டிருக்குது சார். தம்பி தொறக்க மாட்டேங்குறாரு. ஜன்னல் வழியா பாத்தேன். டீச்சர் தரையில கெடக்குறாங்க, அசைவே இல்ல. சீக்கிரம் வாங்க."

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான பகல்நேர மையத்தை நடத்திவந்த ஸ்டெல்லா டீச்சரை இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். அதே குறைபாட்டோடு பிறந்து, அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்துவரும் தம்பி அமல்ராஜையும் அறிவீர்கள். என் மகள் பூவிழியும் அஞ்சலையின் மகன் ஏழுமலையும் அந்த மையத்துப் பிள்ளைகள். பிள்ளைகள் என்கிறோமே தவிர, இருவரும் முப்பதை நெருங்குகிறவர்கள். அந்த அழைப்பைக் கேட்டவுடன் எனக்குத் துக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். வந்தது அச்சம். கீழ்புத்துப்பட்டிலிருந்து மரக்காணம் வரை எங்கும் நிறுத்தாமல் வண்டியை ஓட்டிச்சென்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்குக் கதவைத் தட்டினார்கள், ஆளாளுக்குக் கத்தினார்கள். உள்ளே அமல்ராஜ் தாழ்ப்பாளை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நின்றார். "அக்கா சொல்லட்டும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியாள் யார் தட்டினாலும் அக்கா சொல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது என்று டீச்சர் அவருக்குப் பல ஆண்டுகள் பழக்கியிருந்தார். பழக்கியதை அவர் பிசகாமல் செய்தார். சொல்ல வேண்டியவர் அவருக்குப் பின்னால், கழுத்துவரை போர்வை போர்த்தப்பட்டுக் கிடந்தார். போர்த்தியது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

"கொஞ்சம் பொறுங்க, எல்லாரும் தள்ளிப் போங்க, நான் பேசுறேன்" என்று அஞ்சலை கெஞ்சினார். யாரும் பொறுக்கவில்லை. ஒருவர் கடப்பாரை கொண்டுவந்தார். கதவு பிளந்தபோது அமல்ராஜ் எழுப்பிய ஓசையை நான் எழுத்தில் வைக்கப்போவதில்லை. முதலில் உள்ளே நுழைந்தவரின் மணிக்கட்டை அவர் கடித்துவிட்டார். டீச்சர் விடியும் முன்பே மாரடைப்பால் இறந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அந்தச் செய்தி ஊருக்குள் பரவும் முன்பே இன்னொரு செய்தி பரவிவிட்டது: "டீச்சர் தம்பி ஆளைக் கடிக்குறான்."

பூவிழியை மையத்தில் சேர்க்கச் சென்ற நாள் நினைவுக்கு வருகிறது. மகளின் மருத்துவ வரலாற்றை ஒரு விரிவுரைக்குரிய ஒழுங்கில் அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னென்ன சிகிச்சைகள், எந்தெந்த ஊர்கள், எத்தனை நிபுணர்கள். டீச்சர், மையத்துப் பிள்ளைகள் வேலை பழகும் உப்புப் பொட்டலம் ஒட்டும் இயந்திரத்தைத் துடைத்தபடியே கேட்டார். நான் முடித்ததும், "எல்லாம் சரிங்க சார். நீங்க சாவே மாட்டீங்களா?" என்றார்.

என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். டீச்சர் அவளைப் பார்த்து, "உக்காருங்கம்மா, நான் சாபம் விடல. நீங்க செத்த மறுநாள் காலையில இந்தப் பொண்ணு எந்த வீட்டுல எந்திரிக்கும்னு மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மகளுக்கு அடையாள அட்டை இருந்தது, உதவித்தொகை இருந்தது, ஆண்டுதோறும் முகாமும் சக்கர நாற்காலி வழங்கும் விழாவும் இருந்தன. அந்த மறுநாள் காலைக்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் எந்தத் திட்டமும் இருக்கவில்லை. இன்றும் எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் அப்படி ஒன்று இல்லை.

திட்டம் இல்லாத இடத்தில் அவர் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'மாத்து வீடு'. மையத்தில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு இன்னொரு பிள்ளையின் வீட்டில் தங்க வேண்டும். அந்த வீட்டில் என்ன சமைக்கிறார்களோ அதைச் சாப்பிட வேண்டும், அந்த வீட்டுப் பாயில் படுக்க வேண்டும். பெற்றோர் போன் செய்து விசாரிக்கக் கூடாது. ஒரு தாய்க்கோ தந்தைக்கோ ஏதாவது நேரும் நாளில், அந்தப் பிள்ளைக்குக் கழிவறை எங்கே இருக்கிறது என்று தெரிந்த வீடாவது ஒன்று இருக்க வேண்டும் என்பதே அவருடைய கணக்கு.

பூவிழிக்கு வாய்த்தது குப்பத்தில் அஞ்சலையின் வீடு. எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. அதை நான் மிகுந்த நாகரிகத்தோடு எடுத்துச் சொன்னேன். "மீன் வாசனை இப்ப ஒத்துக்காதுன்னா, நீங்க போனப்புறம் மட்டும் ஒத்துக்குமா சார்?" என்றார் டீச்சர். அஞ்சலை பக்கத்தில் நின்று சிரித்தார். "எங்க பையனும் உங்க ஊட்டு சாம்பாரைத் துன்னுட்டு உசுரோட திரும்பி வரணுமே. அந்தக் கவலை எனக்கு இல்லியா?"

முதல் தடவை பூவிழி போகமாட்டேன் என்று வாசற்படியில் படுத்துக்கொண்டாள். அடுத்த ஆண்டு வாக்கில் சனிக்கிழமை விடிந்தாலே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஏழுமலை எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராகப் போய் என் நாற்காலியில் உட்காருவான். "ஏம்பா, எழுந்திரு, சார் உக்காரணும்" என்று என் மனைவி சொன்னால், "சார் கீழ உக்காரட்டும்" என்பான். நான் கீழே உட்கார்ந்தேன்.

அந்த வழக்கத்தின் பின்னால் என்ன இருந்தது என்பது எனக்கு ஒரு பயணத்தில்தான் விளங்கியது. எங்கள் மையத்துப் பெண் ஒருத்தியின் தாய் திடீரென இறந்துவிட, சித்தப்பா முறையுள்ள ஒருவர் எங்களிடம் சொல்லாமலே அவளை எங்கோ ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டார். தேடிக் கண்டுபிடித்துப் பார்க்கப் போனோம். எல்லாத் தலைகளும் மழிக்கப்பட்டிருந்தன. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் நைட்டி. எங்கள் பெண்ணை எங்களால் உடனே அடையாளம் காண முடியவில்லை. அவள் பக்கத்தில் இருந்தவளின் பெயரை டீச்சர் விசாரித்தபோது, "வெள்ளின்னு கூப்புடுவோம் மேடம். கொண்டாந்து விட்டப்போ பேரு யாரும் சொல்லல. வெள்ளிக்கிழமை வந்துது" என்றார் காவலுக்கு இருந்த பெண். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. அதுதான் என்னை நடுங்கவைத்தது.

திரும்பும் பேருந்து கூனிமேட்டைத் தாண்டியது. டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "அம்மா செத்தா அம்மாதான் சார் போகணும். சோறு, பாய், பேரு எல்லாம் கூடவே போயிடக் கூடாது."

இந்த வாக்கியத்தைச் சொன்னவர்தான், தன் தம்பியை எந்த மாத்து வீட்டுக்கும் ஒரு நாளும் அனுப்பவில்லை. புகழுரைகளுக்கு நடுவே இதை எழுத வேண்டாம் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் எழுதுகிறேன். அவரைத் தெய்வமாக்கிவிட்டால் அவர் செய்த பிழை நம் கண்ணில் படாது. கண்ணில் படாத பிழையை நாம் அனைவரும் செய்வோம்.

பெற்றோர் கூட்டம் ஒன்றில் அஞ்சலை வெளிப்படையாகவே கேட்டார். "ஏன் டீச்சர், எல்லாப் புள்ளைங்களும் சுத்தி வருது. தம்பி எங்க ஊட்டுக்கு எப்ப வர்றாரு?"

டீச்சர் சிரித்தார். "அவன் எங்க வருவான்? நான் இல்லாம ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டான்."

கூட்டமும் சிரித்தது. அதே சொற்களை அங்கிருந்த எந்தத் தாய் சொல்லியிருந்தாலும் டீச்சர் அவரைப் பிய்த்து எடுத்திருப்பார். பின்னர் தனியாக நானும் கேட்டேன். மழை நின்று உப்பளத்தில் தண்ணீர் வடியட்டும் என்றார். தண்ணீர் வடிந்தபின் கேட்டேன். வெயில் தணியட்டும் என்றார். ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒளிந்திருந்த அந்தச் சாக்கை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்தவர், தன்னிடம் இருந்ததை அன்பு என்று எண்ணிக்கொண்டார். நான் அவர் மேல் கோபமாக இருக்கிறேன். அவர் உயிரோடு இருந்தால் இந்தக் கோபத்தை மதித்திருப்பார்.

அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே ஒலிபெருக்கி வைத்து இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். பொறுப்பில் இருப்பவர்களும் இருந்தவர்களும் பேசினார்கள். தியாகச் சுடர் என்றார்கள், அன்னை என்றார்கள். மறைந்தவரின் தம்பி இன்று எங்கே சாப்பிடுவார் என்று மேடையில் ஒருவரும் கேட்கவில்லை. மெழுகுவத்தி ஏந்த எத்தனை கைகள் வேண்டுமானாலும் வந்தன. அமல்ராஜின் கையைப் பிடித்திருந்த கை அஞ்சலையுடையது மட்டும்.

சென்னையிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். முகத்தில் உண்மையான களைப்பு இருந்தது.

"ஒரு ஹோம்ல பேசிட்டேன் சார். நாளைக்குக் காலையில வண்டி வரும். கடிக்கிற கேஸுன்னு சொல்லிட்டேன். ஊசி போட்டுக் கூட்டிட்டுப் போயிடுவாங்க, பிரச்சனை இருக்காது."

"கேஸ் இல்லீங்க. அவருக்குப் பேரு அமல்ராஜ்" என்றேன்.

அஞ்சலை குறுக்கே வந்தார். "எதுக்குங்க ஊசி? எங்க ஊட்டுக்கு வரட்டும்."

"நீ யாரும்மா அவனுக்கு?"

"நான் யாரா? நீங்க யாருன்னு அவரையே கேளுங்க. உங்க பேரு தெரியுமான்னு கேளுங்க பாப்போம்."

உறவினர் கேட்கவில்லை. ஆனால் அஞ்சலையிடம் அவர் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் விடை இருந்தது; எங்களில் யாருமே அமல்ராஜுக்கு யாரும் இல்லை. டீச்சர் ஒருவரே அவருடைய சட்டபூர்வக் காப்பாளர். அவருக்குப் பிறகு யார் என்ற இடம் காலியாக இருந்தது. இன்னொருவர் காப்பாளராக வேண்டுமானால் மாவட்டக் குழுவிடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அஞ்சலையின் வீட்டுக்கோ என் வீட்டுக்கோ அழைத்துப் போகலாம் என்று நாங்கள் முயன்றபோது, உடைந்த கதவின் நிலையை இறுகப் பற்றிக்கொண்டு அமல்ராஜ் அலறினார். அவருக்குத் தெரிந்த வீடு உலகில் அது ஒன்றே. அவரை வேறெங்கும் பழக்கியிருக்கவில்லை.

மறுநாள் காலை நாங்கள் அந்த வீட்டு வாசலில் நின்றோம். உப்பளத்தில் எதையும் மறைக்க ஒரு மரம்கூட இல்லை. வெள்ளை வண்டி நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, பாத்திகளுக்கு நடுவே உள்ள மண் சாலையில் எங்களை நோக்கி வருவது வெகுதூரத்திலேயே தெரிந்துவிட்டது. அது நெருங்கும்வரை நின்று பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மகளின் தோளில் கை போட்டிருந்தேன். அந்த வண்டியில் ஏறப்போகிறவளாக நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி நின்றபோது அஞ்சலை உறவினரிடம் சொன்னார்: "அவரு எங்க ஊட்டுக்கு வர மாட்டாரு. சரி. நாங்க அவரு ஊட்டுக்கு வர்றோம். இன்னைலேருந்து நானும் ஏழுமலையும் இங்கதான். அடுத்த வாரம் இந்த சாரு. அப்புறம் மத்தவங்க. பாயை எடுத்துட்டு வந்துட்டேன், உள்ள கெடக்குது, போய்ப் பாருங்க."

"எத்தனை நாளைக்கும்மா இது?"

"அவரு பழகுற வரைக்கும்."

உறவினர் என்னைப் பார்த்தார். காப்பாளராக விண்ணப்பிக்கிறேன் என்றும், குழு முடிவெடுக்கும்வரை அவரை அசைக்க முயன்றால் ஆட்சியர் அலுவலகத்தில் உட்காருவேன் என்றும் குரலை உயர்த்தாமல் சொன்னேன். அவர் ஓட்டுநரிடம் போய்ப் பேசினார். ஊசியோடு வந்தவர் டீ குடித்துவிட்டுப் போனார். வண்டி திரும்பிச் சாலையில் ஏறும்வரை நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை.

அதன் பிறகு குடும்பங்கள் முறைவைத்து அந்த வீட்டில் தங்கிவருகின்றன. புதிய கதவு போட்டாயிற்று. சுத்தியல் ஓசை கேட்டால் அமல்ராஜ் இன்னும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறார். குழுவின் முடிவு வரவில்லை. வந்தாலும் எப்படி வரும் என்று தெரியவில்லை.

சென்ற சனிக்கிழமை அவரைக் காரில் ஏற்றி என் வீட்டு வாசல்வரை அழைத்து வந்தேன். பூவிழி ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டு, "எறங்கு" என்றாள். அவர் இறங்கவில்லை. சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு "போலாம்" என்றார். திரும்ப அழைத்துப் போய் விட்டுவிட்டு வந்தேன்.

டீச்சரிடமிருந்து பொறுமையைக் கற்றதாகக் கூட்டத்தில் பலர் சொன்னார்கள். அவரிடம் பொறுமையே கிடையாது என்பது அவரோடு வேலை செய்த நமக்குத் தெரியும். நல்ல நாள் பார்த்து அனுப்புகிறேன் என்றவர்களிடம் இந்தச் சனிக்கிழமையே நல்ல நாள்தான் என்றவர் அவர். அவருடையதில் நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த அவசரத்தை மட்டும். அதை ஒரே ஒருவருக்காக அவர் தளர்த்தினார், அந்த ஒருவருக்காகவே எனக்கு இப்போது அது தேவைப்படுகிறது. வரும் சனிக்கிழமை மறுபடியும் அவரை அழைத்து வருவேன். இறங்காவிட்டால் அதற்கடுத்த சனிக்கிழமை. சனிக்கிழமைகள் எங்களுக்கு அதிகம் மிச்சமில்லை; அமல்ராஜுக்கும் எனக்கும் ஒரே வயது.