சப்பாத்தை ஒளித்தவன்

அது போர் ஓய்ந்திருந்த சமாதானக் காலம். மூளை மலேரியாவில் பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தவள் என் மனைவி. மறு வருடமே, ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்கு நுளம்பு வலை சேர்ப்பதற்காக நடந்த மரதன் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஓட்டத்தன்று காலை அவளுடைய சப்பாத்துகளை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

தேடிப் பார்த்துவிட்டு, வெறுங்காலோடு போய்விட்டாள்.

வெயில் ஏற ஏற எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சப்பாத்துகளைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு மிதித்தேன். உருத்திரபுரத்துக்கு அப்பால், வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கால்கள் கொப்பளித்திருந்தன.

"எங்க கிடந்தது?" என்று கேட்டாள்.

"நான்தான் ஒளிச்சனான். நீர் திரும்பவும் விழுந்திடுவீர் எண்டு பயந்துபோனன்."

ஏசப் போகிறாள் என்று தலையைக் குனிந்தேன். அவளோ காலை நீட்டினாள்.

"அப்ப நீங்களே போட்டு விடுங்கோ. எனக்குக் குனிய ஏலாது. இன்னும் மூண்டு மைல் கிடக்கு."

தெருவில் முழந்தாளிட்டு நாடாக்களைக் கட்டினேன். என் தலையில் கையூன்றி எழுந்து, நொண்டி நொண்டி ஓடத் தொடங்கினாள். நான் சைக்கிளில் பின்னால் போனேன். கடைசி ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

அவள் கண் திறந்தால் போதும், வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று வற்றாப்பளை அம்மனிடம் அழுதவன் நான். அம்மன் கேட்டதற்கு மேலேயே தந்திருந்தாள். அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேனே என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.