கெளுத்தி முள்

மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்க முடியாமல், தூண்டிலை எடுத்துக்கொண்டு சேவூர் பக்கத்துக் குளத்துக்குப் போய்விடுவேன். முன்பு மீன் பிடிப்பதென்றால் எனக்கு உயிர். இப்போது தக்கை அசைகிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் குளத்தைச் சுத்தம் செய்யச் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் என் தூண்டிலைப் பார்த்தார்.

"ஏனுங்க, முள்ளுல புழுவே இல்லீங்களே?"

"மறந்துட்டனுங்க."

"அப்ப வந்து இந்த வலைய ஒரு கை புடிங்க."

யாரோ விட்டுப்போன நைலான் வலை அது. இழுத்தபோது பனியன் துணிக் கழிவும் செத்த மீன்களும் சேர்ந்து வந்தன. ஒரு கெளுத்தி மட்டும் உயிரோடு இருந்தது. அந்தப் பெண் கத்தரிக்கோல் கொடுத்தார். செவுளில் இறுகிய இழைகளை வெட்டும்போது மீனின் முள் என் விரலில் ஏறி ரத்தம் வந்தது.

"கடுக்குதுங்களா?"

"இல்லீங்க."

கெளுத்தி முள் குத்தினால் வலியில் உயிர் போகும். எனக்கு உண்மையாகவே வலிக்கவில்லை. மீனைத் தண்ணீரில் விட்டேன், போய்விட்டது. சந்தோஷமும் வரவில்லை.

மறுநாள் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், கட்டிங் மேஜையருகே நின்றவர் சொல்லித்தான் விரல் வீங்கியிருப்பதைப் பார்த்தேன். அடுத்த ஞாயிறும் குளத்துக்குப் போய் அவர்களோடு குப்பைச் சாக்குகளைத் தூக்கினேன். தூண்டிலை எடுத்துப் போகவில்லை.