பொது ஆய்வகத்துப் பூட்டு

பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பாட்டிலக்கா தன் அறைக்குப் போவாள். பிடித்து இழுத்து, 'டங்'கென்று கதவில் மோதவிட்டு, அது இன்றைக்கும் திறக்காது என்று தெரிந்துகொண்டு ஒரு முறைப்பு முறைப்பாள். உள்ளங்கை அகலத்துக்குக் கொழுத்த பித்தளைப் பூட்டு. அதற்கு மேலே கதவில் ஒரு பலகை: 'பொது ஆய்வகம். அனைத்துத் துறையினருக்கும்.' பலகையைத் திறந்துவைத்த நாளில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். பூட்டு மறுநாள் வந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தண்ணீரை ஆராய்கிறவர்கள் மூலைக்கு ஒருவராக இருக்கிறார்கள். மண்ணியலில் சிலர், வேதியியலில் சிலர், கொசு ஆராய்கிறவர் ஒருவர், அணைக்கட்டு ஆராய்கிறவர் ஒருவர். ஒரே ஆற்றை இரண்டு பேர் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். கேன்டீனில் பக்கத்துப் பக்கத்து மேசையில் டீ குடிப்பார்கள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. இவர்களைப் பேசவைப்பது, இவர்களுடைய கருவிகளை எல்லாரும் பயன்படுத்த வழி செய்வது, ஊருக்குள் தண்ணீருக்கு அல்லாடுகிறவர்களை இவர்களிடம் கொண்டுவந்து சேர்ப்பது, இதுதான் அக்காவின் வேலை. பதவிப் பெயர் நீளமாக இருந்ததால் அறைக் கதவில் பாதியை எழுதி நிறுத்திவிட்டார்கள். கேட்டால் அவள் சொல்வாள்: "கல்யாணத் தரகர் வேலைதான். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பிடிச்சிரும். இந்த மாமனாருங்கதான் ஒத்துக்க மாட்டாங்க."

ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் ஒரு ஐஸ் பெட்டி. தோள் பையில் காலி பாட்டில்கள், நடந்தால் கடகடவென்று சத்தம் வரும். மாணவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பெயர் வைத்தார்கள். பேனா மாதிரி ஒரு மீட்டர் எப்போதும் கையோடு இருக்கும். தண்ணீரில் முக்கினால் அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். சொந்தக்காரர் வீட்டில் தம்ளரை நீட்டினால் முதலில் மீட்டர் குடிக்கும், பிறகுதான் அவள். "தண்ணி குடிக்க வந்தீங்களா, சோதனை போட வந்தீங்களா அண்ணி?" என்று நாத்தனார் ஒருமுறை கேட்டே விட்டாள். இப்போதெல்லாம் அந்த வீட்டில் அவளுக்கு மோர்தான்.

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. இறங்கும். ஒரே மூச்சில் மூன்று 'சார்' வந்துவிட்டால் எதிரே இருப்பவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொள்வது நல்லது. வீட்டுக்காரர் பல் மருத்துவர் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறார், சாது. காலையில் அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்: "சண்டைக்குப் போறதுன்னா சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்துல பேசினா தலை சுத்தும்." அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். போகாமல் இருந்ததில்லை.

அந்தப் பூட்டின் மேல் அவளுக்கு இவ்வளவு காட்டம் வரக் காரணம் ஒரு தெரு. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கிற பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிற அடிபம்பில் வருகிற தண்ணீர் மஞ்சள். வாயில் வைத்தால் ஆணியைச் சப்பிய மாதிரி இருக்கும். துவைத்த வெள்ளைத் துணி வெள்ளையாகத் திரும்பாது. அக்கா நகராட்சிக்கு நடையாய் நடந்து அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவழைத்தாள். நகராட்சியில் ஒரு நிபந்தனை போட்டார்கள்: பம்புத் தண்ணீரைப் பல்கலைக்கழகம் சோதித்துச் சொல்ல வேண்டும்; கெட்டது என்றால் லாரி தொடரும், நல்லது என்றால் நிற்கும். வேறு யார் சோதித்தாலும் ஏற்க மாட்டார்களாம்.

நிலத்தடிநீர்ப் பேராசிரியர் முன்வந்தார். பொது ஆய்வகத்தில் உலோகம் பார்க்கிற கருவி அவர் பொறுப்பில்தான் இருக்கிறது, அந்தப் பூட்டும் அவருடையதுதான். கெட்டவர் இல்லை. வெளுத்த சட்டை, மெதுவான பேச்சு, யாரையும் உட்காரச் சொல்லாமல் பேச மாட்டார். ஆனால் அந்தத் தெருவுக்குப் போகிற நாளை அக்கா வெளியூர் போயிருந்த சமயமாகப் பார்த்து வைத்துக்கொண்டார். அவள் வந்தால் கேள்வி கேட்பாள் என்று பயம். முதல்நாள் சாயங்காலம் மாணவர்கள் வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை பேராசிரியர் புகைப்படக்காரரோடு போய், நிரம்பிய பாட்டில்களை வாங்கிக்கொண்டு திரும்பினார். பல்கலைக்கழகச் செய்தி மலரில் படம் வந்தது. பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்தபடி பேராசிரியர்; கீழே, 'குடிக்க உகந்தது' என்று ஒரு வரி.

அந்த வரியைப் படித்துவிட்டு நகராட்சிக்காரர்கள் மாசக் கடைசியோடு லாரி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரிலிருந்து திரும்பிய அக்கா பேராசிரியரின் சோதனை எண்களைப் பார்த்தாள். எல்லா வீட்டுக்கும் ஒரே எண். பட்டறைச் சுவரை ஒட்டிய வீட்டுக்கும் தெருக்கோடி வீட்டுக்கும் இம்மிகூட வித்தியாசம் இல்லை. உப்பு என்ற பேச்சே இல்லை. நிலத்துக்குள்ளிருந்து வருகிற தண்ணீர் இப்படி இருக்கவே இருக்காது. பையைக்கூட இறக்காமல் ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

தெரு முனையில் ஒரு தையல்காரம்மா இருக்கிறாள். மிஷினை வாசலில் போட்டு, போகிற வருகிற எல்லாரோடும் பேசிக்கொண்டே தைப்பாள். விஷயம் அவள் வாயிலிருந்துதான் வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், நம் தண்ணீரைக் கேட்கிறார்கள். எல்லா வீட்டிலும் யோசித்தார்களாம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரே ஒரு தண்ணீர் கேன் வாங்கி, தெருவில் அத்தனை பாட்டிலையும் அதிலிருந்து நிரப்பியிருக்கிறார்கள். பாட்டிலைச் சாம்பல் போட்டு வேறு கழுவினார்களாம்.

"வீடு தேடி வந்தவங்களுக்கு அந்த மஞ்சத் தண்ணியையா அக்கா நீட்டுறது? நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டு அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கௌரவம் பார்க்கிற நேரமாம்மா இது?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது. தையல்காரம்மா ஊசியில் நூல் கோர்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மேல் வந்த கோபம் அக்காவுக்கு ரொம்ப நேரம் நிற்கவில்லை. நியாயமாக எங்கே போக வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்தது. எதற்குக் கேட்கிறோம், எந்தத் தண்ணீரைக் கேட்கிறோம் என்று சொல்லப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒருவருக்கும் வாய் வரவில்லை. பம்படியில் நின்று தானே அடித்துப் பிடிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. படம் பிடிக்க மட்டும் ஆள் வந்திருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் அவளே வீடு வீடாகப் போனாள். குழாய்க்குள் தங்கிக் கிடந்த தண்ணீர் வெளியேறும்வரை பம்பை அடித்து, அதே தண்ணீரால் பாட்டிலை அலசி, நிரப்பி, மாதிரி கெடாமலிருக்க ஒரு சொட்டு அமிலம் விட்டு, ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு நேரே பேராசிரியர் அறைக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னாள். சாவி கேட்டாள்.

பேராசிரியர் நம்பவில்லை. எல்லா மாதிரியும் ஒரே எண் காட்டியது எவ்வளவு துல்லியமான வேலை என்று அவர் தம் மாணவர்களைப் பாராட்டியிருந்தாராம். உப்பு இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று தோன்றவில்லையா சார் என்று கேட்டாள். தோன்றியதாம். நல்ல செய்திதானே என்று விட்டுவிட்டாராம். அட, சாமி! இதைச் சொல்லும்போதுகூட அவர் சிரித்தார்.

கருவிக்கு எரிவாயு தம் ஆராய்ச்சிப் பணத்தில் வாங்கியது, கருவியும் பல மாதங்களுக்கு முன்பதிவாகியிருக்கிறது என்றார். பதிவு செய்திருப்பவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியும்: அவரே, அவர் மாணவர்களே. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தக் கருவி போர்வைக்குள் தூங்குவதும் அவளுக்குத் தெரியும்.

"பலகை மாட்டிட்டா எல்லாருக்கும்னு அர்த்தமாம்மா?" என்றார் பேராசிரியர். "அதுவும் போக, நான் ஒரு தடவை சொல்லிட்டேன். இப்ப நானே மறுபடி சோதிச்சா, முதல்ல சொன்னது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ஆகட்டும் சார். தப்புதானே சார். அந்தத் தெருவுல பிள்ளைங்க குடிக்கப்போறது சார்."

மூன்று சார். அவர் நாற்காலியை நகர்த்தினார். சாவியை எடுக்கவில்லை.

அடுத்து வந்த நாள்களிலும் அவள் தினமும் போனாள். கொசு ஆராய்கிறவரைச் சிபாரிசுக்குப் பிடித்தாள். அணைக்கட்டுக்காரர், "எனக்கெதுக்கும்மா வம்பு" என்று கையை விரித்தார். மாசக் கடைசி நெருங்கிவிட்டது. லாரி ஓட்டுநர் தெருவில் சொல்லியேவிட்டார், இன்னும் ஒரு நடைதான் வருவேன் என்று. ஐஸ் பெட்டியில் மாதிரிகள் காத்துக் கிடந்தன. அக்கா வீட்டில் தட்டை டொம்மென்று வைத்தாள்.

கடைசியில் அவள் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தாள். தையல்காரம்மாவும் இன்னும் சில பெண்களும் இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, செருப்பை வெளியே விடுவதா வேண்டாமா என்று தயங்கி, பேராசிரியர் அறைக்குள் வரிசையாக வந்து நின்றார்கள். பேராசிரியர் பதறிப்போனார். உட்காருங்கள் உட்காருங்கள் என்று பக்கத்து அறையிலிருந்தெல்லாம் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். வெயிலில் வந்திருக்கிறார்கள், முதலில் தண்ணீர் கொடு என்று உதவியாளரைக் கடைக்கு விரட்டினார்.

நடைவழியில் குழாய் இருப்பதைத் தையல்காரம்மா வரும்போதே பார்த்திருந்தாள். "எதுக்குங்க கடைக்கு? அந்தக் குழாயிலயே பிடிச்சுக் குடிச்சுக்கிறோம்" என்றாள்.

"ஐயோ, அது வேண்டாம்மா. அது நல்லா இருக்காது. வந்தவங்களுக்குப் போய் அதையா குடுக்கிறது?"

சீல் பிரிக்காத பாட்டில்கள் வந்தன. ஆளுக்கு ஒன்று. தையல்காரம்மா தன்னுடையதைத் திறக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாங்களும் அதைத்தான் சார் பண்ணினோம்."

பேராசிரியர் அந்த பாட்டிலைப் பார்த்தார், குழாய் இருந்த பக்கம் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. இத்தனை நாளாக அவள் படித்துப் படித்துச் சொன்னது இதைத்தான். அப்போது ஏறாதது இப்போது ஏறியது. அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை, முன்பைவிட அதிகமாகத்தான் கோபம் வந்தது. இவர் காதில் ஒரு வார்த்தை விழுவதற்கு ஒரு தெருவே வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வர வேண்டுமா?

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை மேசைமேல் வைத்தார். கையில் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை போலிருக்கிறது. அக்கா நன்றி சொல்லவில்லை. சாவியை எடுத்தாள், போனாள், திறந்தாள். கழற்றிய பூட்டை, மாதிரி பாட்டில்களை எடுத்து முடித்த ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

பம்புத் தண்ணீரில் ஈயம் இருந்தது, குழந்தைகள் வாயில் வைக்கவே கூடாத அளவுக்கு. முதலில் சொன்னது தவறு என்று பேராசிரியர் நகராட்சிக்குத் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். அதை மட்டும் அக்கா எல்லாரிடமும் சொல்வாள், மறைக்க மாட்டாள். லாரி நிற்கவில்லை. பட்டறைகளும் நிற்கவில்லை, அது அவளுடைய அடுத்த சண்டை. செய்தி மலரில் திருத்தம் மட்டும் இன்னும் வரவில்லை. இடம் இல்லையாம்.

பொது ஆய்வகத்துக்கு இப்போது வேறொரு பூட்டு, சின்னது. சாவி அக்கா அறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனாலும் காலையில் அதை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் அவள் போவதில்லை. பழைய பூட்டை என்ன செய்தீர்கள் என்று பேராசிரியர் ஓரிரு முறை கேட்டார். அவள் காதில் விழவில்லை.

போன வாரம் அந்தத் தெருவுக்கு அவரும் வந்திருந்தார், புகைப்படக்காரர் இல்லாமல். தெருக்கோடியில் யாரும் இறைக்காத ஒரு கிணறு இருக்கிறது. நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மழைக்கு முன்னும் பின்னும் அக்கா அளப்பாள். அளவுக்கயிற்றில் கனமாக எதையாவது கட்டி இறக்கி, அது தண்ணீரைத் தொடுகிற சத்தத்தைக் காதால் பிடிக்க வேண்டும். பேராசிரியர் கிணற்றடியில் நின்றுகொண்டு, இதற்குத் தம்மிடம் நல்ல கருவி இருப்பதாகவும், அது எப்படி வேலை செய்யும் என்றும் விளக்கிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பையிலிருந்து கயிற்றை எடுத்து உதறினாள். அதன் நுனியில் அந்தப் பித்தளைப் பூட்டு ஆடியது.

"இது... என்னோடதாம்மா?" என்றார் பேராசிரியர்.

அவள் கயிற்றை விட்டுக்கொண்டே, கிணற்றுக்குள் காதைச் சாய்த்து, இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.