இருபத்திரண்டாவது பிள்ளை

பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் காது டீச்சர். உண்மையில் அவர் டீச்சர் இல்லை. சுகாதார அலுவலகத்தின் சார்பில் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பவர். நான் அவருடைய வேன் டிரைவர். பதினோரு வருஷம் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். அவரைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் வேலையில் விழுந்த ஒரே ஓட்டைக்கு நான்தான் காரணம், அதனால் நானே எழுதுகிறேன்.

ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன், அவ்வளவுதான் அவருடைய சாமான். பிள்ளையின் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு டீச்சர் ஒரு பொத்தானை அழுத்துவார். சத்தம் கேட்டால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஏழு நிமிடம். ஆறும் கிடையாது, எட்டும் கிடையாது. சாப்பாட்டு டப்பாவை மூடுவதற்குக்கூட ஒரு முறை வைத்திருந்த மனுஷி அவர். வெளியே வரிசையைச் சத்தமில்லாமல் நிறுத்தி வைப்பது என் பொறுப்பு. அதற்குப் பதில் பிரேக் பிடிக்காத வண்டியைக் கொடுத்தால் சந்தோஷமாக ஓட்டியிருப்பேன்.

சோதனைக்கு அமைதியான அறை வேண்டும். எந்தப் பள்ளியிலும் அமைதியான அறை என்றால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் கடைசி அறைதான். அங்கே பிளக் பாயிண்ட் இருக்காது, எல்லாம் பேட்டரியை நம்பித்தான். வழியில் வேனிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ள ஒரு சாக்கெட் இருந்தது. அது செத்து ஆறு மாதம். சரி செய்ய வேண்டியவன் நான். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தேன். சோம்பேறித்தனத்தைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

ஒருநாள் சார்ஜ் தீர்ந்து, கடைசி இரண்டு பிள்ளைகள் சோதனை ஆகாமலே வகுப்புக்குத் திரும்பினார்கள். டீச்சர் முகம் வாடிவிட்டது. சாக்கெட் பேச்சு வந்துவிடுமோ என்று நான் முந்திக்கொண்டேன். லேப்டாப்பில் ஆன்டிவைரஸ் என்று ஒன்று உட்கார்ந்துகொண்டு பேட்டரியைத் தின்கிறது, அதை எடுத்துவிட்டால் சார்ஜ் நிற்கும் என்றேன். செல்போன் கடையில் யாரோ யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அதைக் கரைத்துக் குடித்தவன் மாதிரி சொன்னேன்.

டீச்சர் யார் சொன்னாலும் சட்டென்று நம்பிவிட மாட்டார். ஒருநாள் அதோடு வேலை பார்த்தார், மறுநாள் அதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அதோடு இரண்டு மணி இருபது நிமிடம். இல்லாமல் இரண்டு மணி முப்பத்து நான்கு.

"பதினாலு நிமிஷம், தம்பி," என்றார். "ரெண்டு பிள்ளை."

அன்றே அதை எடுத்துவிட்டார். இருபது பிள்ளைகள் இருபத்திரண்டு ஆனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்படி ஒருநாள் இருபத்திரண்டாவதாக வந்தவள்தான் அந்தப் பெண். கட்டிட வேலை செய்பவரின் மகள், இரண்டாம் வகுப்பு, பள்ளியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அவள் கை சரியாக உயர்ந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு ஒரு ஃபைல் அட்டையை எடுத்துத் தன் கைக்கு முன்னால் மறைப்பாக வைத்தார். அதற்கப்புறம் அந்தக் கை எழவே இல்லை. அதுவரை டீச்சருடைய விரலைப் பார்த்துத்தான் தூக்கியிருக்கிறாள். அட்டைக்கு மேலே தெரிந்த டீச்சர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். 

"இத்தனை நாள் இப்படியே சமாளிச்சிருக்கா," என்றார் டீச்சர் வேனில். "வீட்டுக்கும் தெரியல, ஸ்கூலுக்கும் தெரியல."

பெற்றோருக்குக் கடிதம் மாதக் கடைசியில்தான் போகும், அதற்கு முன்னால் யாரிடமும் வாயால் சொல்லக்கூடாது என்பது அலுவலக விதி. காகிதத்தில் எழுதும் வழக்கத்தை அலுவலகம் முந்தின வருஷமே நிறுத்தியிருந்தது. எல்லாம் லேப்டாப்பில்.

அடுத்த வாரம் ஒரு பள்ளியில் மாணவர் பட்டியலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். டீச்சர் அதைச் செருகினார். மறுநாள் காலை எந்த ஃபைலைத் திறந்தாலும் அர்த்தமில்லாத கிறுக்கல். பன்னிரண்டு நாள் வேலை, இருநூற்று அறுபத்து நான்கு பிள்ளைகள், ஒன்றும் மிஞ்சவில்லை. இது ரொம்பப் பழைய வைரஸ், ஆன்டிவைரஸ் இருந்திருந்தால் வாசலிலேயே பிடித்திருக்கும் என்றார் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்காரர். அது லேப்டாப் முழுவதையும் அலசிப் பார்க்கும் வேலையை வீட்டில் சார்ஜில் இருக்கும்போது வைத்துக்கொண்டால் வேலை நேரத்தில் நாலைந்து நிமிடம்தான் குறையுமாம். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார். டீச்சர் என் பெயரைச் சொல்லவில்லை.

அன்று மாலையே சாக்கெட்டைச் சரி செய்தேன். ஃப்யூஸ் போயிருந்தது. இருபது நிமிட வேலை.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரி கைகழுவினார். டீச்சர் தன் விடுமுறையைப் போட்டுவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கிளம்பினார். நானும் லீவு போட்டேன். வரிசையை யார் பார்ப்பது? முதலில் அந்தப் பெண்ணின் பள்ளிக்குத்தான் போனோம். கட்டிடம் முடிந்துவிட்டது, குடும்பத்தோடு போய் மூன்று நாள் ஆகிறது என்றார்கள். அந்த மாதக் கடிதம் போயிருந்தால் அதற்கு முன்பே அவர்கள் கையில் கிடைத்திருக்கும். எந்த ஊர் என்று தெரியாது. பள்ளியில் கொடுத்திருந்த போன் நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது.

மற்ற எல்லாரையும் மறுபடி சோதித்தார். முதல் தடவை காது கேட்காதவர்கள் ஒன்பது பேர் என்பது அவருக்கு நினைவிருந்தது. எட்டுப் பேர் கிடைத்தார்கள்.

கடைசி நாள் பஸ்ஸில் என்னால் அடக்க முடியவில்லை. "தப்பு என்னோடது, டீச்சர். சாக்கெட்டைச் சரி பண்ணாம உங்ககிட்ட கதை விட்டேன்."

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு மிச்சமாகும்னு அளந்தது நான்தானே, தம்பி. எவ்வளவு போகும்னு அளக்கல."

ஓய்வு பெறும்வரை அவர் ஒவ்வொரு பிள்ளையின் சோதனை முடிவையும் தன் செலவில் வாங்கிய நோட்டில் பேனாவால் எழுதினார். ஒவ்வொரு சோதனையையும் அட்டையை வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

வேனை இன்னும் நான்தான் ஓட்டுகிறேன். புதிதாக வந்தவர், ஆன்டிவைரஸ் சார்ஜைத் தின்னுமா என்று ஒருநாள் கேட்டார். தின்னும், தின்னட்டும் என்றேன்.

எங்கேயாவது கட்டிட வேலை நடந்தால் வேகத்தைக் குறைத்து ஒரு ஹாரன் அடிப்பேன். மணலில் விளையாடும் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், பெரியவர்கள் திட்டுவார்கள். அவளுக்கு இப்போது பதினோரு வயது இருக்கும். எல்லாத் தலையும் திரும்பியதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கியரை மாற்றுவேன்.