பாண் பையில் இருந்த இலக்கம்

இந்த நாட்டில் ஒரு கடை மூடப்போகிறது என்றால் கண்ணாடிக் கதவில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிடுகிறார்கள். அவ்வளவுதான். போகிறவர்கள் நின்று வாசிக்கிறார்கள், தலையை ஒருமுறை ஆட்டுகிறார்கள், நடக்கிறார்கள். உள்ளே போய் ஏன், என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் தெருமுனைப் பேக்கரியின் கதவில் அந்தத் தாளைக் கண்ட காலை நானும் அப்படித்தான் நின்றேன். எனக்கு டொச், அதுதான் ஜெர்மன் மொழி, வாசிக்கத் தெரியாது. பெருநாள் விடுமுறை அறிவித்தலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ‘புறோட்சன்’ என்று இவர்கள் சொல்லும் உருண்டைப் பாணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்த மகள் றீற்றா சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னாள்: “அம்மா, பேக்கரியைப் பூட்டப் போயினமாம். இந்தச் சனியோட சரியாம்.”

குசினி மேசையில் காலையில் வாங்கிய பாணின் கடதாசிப் பை கிடந்தது. பையில் ஒரு கோதுமைக் கதிரின் படம், அதன் கீழே பேக்கரியின் தொலைபேசி இலக்கம். நான் கதிரையில் இருந்துவிட்டேன். என் மூத்த மகன் அன்ரன் வழியில் இருந்தான். எந்த நாட்டில், யாருடைய அறையில் என்று எனக்குத் தெரியாது. அவனிடம் இருந்தது அந்த இலக்கம் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. இவர், என் வீட்டுக்காரர், முதலில் வந்தார், பிறகு நானும் சின்னவளும் வந்தோம். அன்ரன் சோதனை எழுத வேண்டும் என்று ஊர்காவற்றுறையில் என் தம்பியுடன் நின்றான். சோதனை முடியும் முன்பே ஊர் மாறிவிட்டது. துறையடியில் படையினர் பெடியன்களை மறித்து விசாரிக்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் காரைநகர் வள்ளத்தால் இறங்கியவனைக் கொண்டுபோய், மறுநாள் விட்டார்கள். என்ன நடந்தது என்று அவன் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பான் என்று தம்பி எழுதினான். அந்த வரியை வாசித்த நாளிலிருந்து எனக்கும் சோறு இறங்குவதில்லை. கப்பலோ விமானமோ, எப்படியாவது அனுப்பு என்று எழுதினேன். அந்தக் கடிதத்தில்தான் பாண் பையில் இருந்த இலக்கத்தையும் எழுதி, அன்ரனுக்கென்று, இதைச் செபம் மாதிரிப் பாடமாக்கு, கடதாசியில் கொண்டு திரியாதே என்றேன். பாடமாக்கிவிட்டேன் என்று பதில் வந்தது. அதன் பிறகு கொழும்பை விட்டு வெளிக்கிட்டுவிட்டான் என்ற செய்தி வந்தது. அவன் தலைக்குள் போன இலக்கத்தை இனி நான் எப்படி மாற்றுவேன்?

பேக்கரிக்காரரைக் கேளாமல் அவர்களுடைய இலக்கத்தைக் கொடுப்பதா என்று இங்கே உள்ளவர்கள் கேட்பார்கள். எங்கள் தீவார் கேட்கமாட்டார்கள். ஊர்காவற்றுறைத் துறையடியில் செல்லையா அண்ணையின் பேக்கரி இருந்ததை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அவர் புளியங்கூடல்காரர். தென்னிலங்கைப் பட்டினம் ஒன்றில் நல்ல கடை வைத்திருந்தவர். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடை எரிய, உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்து, ஒரு போறணை அடுப்புக் கட்டிப் பாண் போடத் தொடங்கினார். சைவக்காரர், ஆனால் யேசு பிறந்த நத்தாருக்கு முதல் நாள் அந்தப் போறணை எங்கள் வேதக்காரருடையதாகிவிடும். வீட்டுக்கு வீடு கேக்குக்கு அடித்துத் தட்டில் ஊற்றி, கசுக்கொட்டையால் சிலுவையோ பூவோ அடையாளம் வைத்துத் தலையில் சுமந்து கொண்டுபோவோம். ஒரே மாதிரிச் சிலுவை வைத்த இரண்டு தட்டுகளுக்காக ஒருமுறை பெரிய சண்டை. “ரண்டு பேரும் ஒரே கோயிலுக்குத்தானே போறியள், ஒரே கேக்கைத் தின்னுங்கோவன்!” என்று செல்லையா அண்ணை மாக்கையோடு நின்று சிரித்தார்.

அவர் விற்றது பாணைவிடச் செய்தியைத்தான் அதிகம் என்று சொல்லலாம். நயினாதீவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், யாழ்ப்பாண பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், கடலுக்குப் போனவனைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். எவரும் அவரைச் சம்மதம் கேட்டதில்லை. குடை, பை, சில வேளை ஒரு பிள்ளையைக்கூட அங்கே இருந்த நீள மர வாங்கில் இருத்திவிட்டுப் போவார்கள். நான் பாண் வாங்கப் போனால், என் அண்ணன் சொல்லிவிட்ட செய்தியோடு தூரத்திலேயே குரல் வரும்.

“சலோமி, நில்லும். கொண்ணர் காரைநகருக்குப் போயிட்டார். பொழுதுபடத்தான் வருவாராம். பாத்துக்கொண்டிருக்க வேண்டாமாம்.”

“வேறை என்ன சொன்னவர் அண்ணை?”

“வேறையும் சொன்னவர்தான். அது உமக்கில்லை, கொம்மாவுக்கு.”

இந்த ஊருக்கு வந்து, தெருமுனையில் பாண் வாசம் பிடித்தவுடன் என் மனம் இதுதான் எங்கள் விலாசம் என்று முடிவு கட்டிவிட்டது. என் தம்பி முதல்முறை அந்த இலக்கத்துக்கு எடுத்தபோது, ஃபிறாவ் கிறாமர் என்ற அந்தக் கடைக்கார அம்மாள் திகைத்துப் போனாராம். தொலைபேசிக்குள் யாரோ “அக்கா! அக்கா!” என்று கத்த, இந்தத் தெருவில் அப்படிக் கத்தக்கூடியவர்கள் நாங்கள்தான் என்று ஊகித்து, ஏப்பிரனோடு வந்து எங்கள் மணியை அடித்தார். நான் மூச்சிரைக்க ஓடிப் பேசி முடித்த பிறகு நீளமாக ஏதோ சொன்னார். “முதல்லை கேட்டிருக்கலாமாம் அம்மா” என்றாள் றீற்றா. எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. பேக்கரியிடம் என்னத்தைக் கேட்பது? சிரித்து, நன்றி சொல்லி, இரண்டு கேக் துண்டு வாங்கி வந்தேன். அதன் பிறகு அவர் ஒன்றும் சொன்னதில்லை. தம்பியின் குரல் கேட்டால் வந்து கூப்பிடுவார்.

செல்லையா அண்ணையின் பேக்கரியும் மூடித்தான் போனது. மா சரியாகக் கிடைக்காத காலத்தில் தொடங்கிய தேய்மானம், பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாடு போக, முடிவுக்கு வந்தது. ஆனால் அங்கே கதவில் தாள் ஒட்டவில்லை. கடைசி நாள் துறையடியே திரண்டு அவரோடு சண்டை பிடித்தது. “பாணை விடுங்கோ அண்ணை, இனிச் செய்தியை ஆரிட்டைச் சொல்லுறது?” என்று ஒரு மீன்காரி கேட்டாள். “கடலிட்டைச் சொல்லுங்கோ, அது ஒருத்தருக்கும் மாத்திச் சொல்லாது” என்றார். எல்லோரும் சிரித்தோம். கதவைப் பூட்டிய பிறகும் கொஞ்சக் காலம் அவர் வெளி வாங்கில் வந்து இருந்தார், பிறகு அதுவும் இல்லை. அந்த நாட்களில்தான் நயினாதீவு மனிசி ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்த புருஷனைப் பார்க்க வந்தாள். அவனுக்குக் கடுமை என்று யாழ்ப்பாணம் கொண்டு போய்விட்டார்கள். பேக்கரியில் சொல்லிவிடுங்கள் என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். செய்தி கொண்டுவந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். அவள் துறையடியில் எல்லோரையும் விசாரித்து, விளங்கி, யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. றீற்றா சப்பாத்தைக் கழற்றியபடி செய்தி சொன்னபோது எனக்கு முன்னால் வந்து நின்றது அந்த மனிசியின் முகம்தான்.

அன்று பின்னேரமே றீற்றாவைக் கூட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். தட்டுகள் பாதிக்கு மேல் வெறுமை. “அந்த ரெலிபோனை என்ன செய்யப் போறா எண்டு கேள் பிள்ளை” என்றேன். அவள் கேட்டாள். ஃபிறாவ் கிறாமர் சுவரில் இருந்த தொலைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை விரித்து நிறையப் பேசினார்.

“அம்மா, ரெலிபோன் தன்ரை இல்லையாம். தபால் கந்தோரின்ரையாம். உங்களுக்குத் தர ஏலாதாம்.”

“எனக்கேன் ரெலிபோன்? மணி அடிச்சாப் போதும் எண்டு சொல்லு!”

“இதை எப்பிடி அம்மா டொச்சிலை சொல்லுறது? பைத்தியம் எண்டு நினைப்பா.”

என் கைப்பையில் அன்ரனின் படம் இருந்தது, அடையாள அட்டைக்கு எடுத்தது. அதைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தேன். தொலைபேசியைக் காட்டினேன், படத்தைக் காட்டினேன். அந்த அம்மாள் கையைத் துடைத்துவிட்டுப் படத்தை எடுத்து நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னதை றீற்றா சொல்லும்போது அவளுடைய குரலும் தாழ்ந்துவிட்டது. “அவவின்ரை அண்ணை சண்டைக்குப் போனவராம். தாய் சாகுமட்டும் ராவிலை வாசல் கதவைப் பூட்ட விடேல்லையாம்.” சனிக்கிழமை கடை முடிந்ததும் அவர் கடைப் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். இலக்கம் மாத முடிவு வரை உயிரோடு இருக்குமாம். அதன் பிறகு தபால் கந்தோர் ஆள் வந்து கழற்றுவானாம்.

தம்பிக்கு உடனே எழுதிப் போட்டேன். கோயிலில் உள்ள பாதிரியார் தம்முடைய இலக்கத்தைத் தர மறுக்கவில்லை, அதையும் எழுதினேன். ஆனால் கடிதம் தம்பியிடம் போகும், அன்ரனிடம் எப்படிப் போகும்? பிள்ளைகளை வழியில் விட்டிருக்கும் எங்கள் ஆட்கள் இதை வாசித்தால், நான் விளக்கத் தேவையில்லை.

இவர் வேலைக்கும் சின்னவள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, ஒவ்வொரு நாளும் அந்த வெறும் கடைக்குள் போய் இருந்தேன். போறணையை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் சுவர் வெளிறிக் கிடந்தது. கவிழ்த்த பெட்டி ஒன்றின் மேல், தொலைபேசிக்கு நேரே இருப்பேன். மா வாசம் மட்டும் போகவில்லை. உள்ளே ஆள் இருப்பதைக் கண்டு சிலர் கண்ணாடியில் தட்டுவார்கள். ‘கெஷ்லொசன்’, பூட்டியாச்சு என்பேன். நான் இந்த நாட்டில் பிழையில்லாமல் சொல்லப் பழகிய முதற் சொல் அதுதான்.

இன்று காலை மணி அடித்தது. பாய்ந்து எடுத்து, “ஓம், அன்ரன், அம்மாதான்!” என்றேன். ஒரு கிழவரின் குரல். புறோட்சன் என்ற சொல் மட்டும் விளங்கியது. கெஷ்லொசன் என்றேன். அவர் வைக்கவில்லை. ஏதோ கேட்டார், நின்றார், திரும்பவும் கேட்டார். அவருடைய தலைக்குள்ளும் இந்த இலக்கம் பழைய காலத்திலிருந்து கிடந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பேசும் ஒவ்வொரு விநாடியும் அன்ரனின் வழி அடைபட்டிருந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன். பிறகு பொழுது சரியும்வரை அது அடிக்கவில்லை.

நாளைக்குத் தபால் கந்தோர் ஆள் வருவான். றீற்றா வந்து கூப்பிட்டாள். நீ போ, வாறன் என்று அவளை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினேன். பூட்டிய பிறகும் போகாமல் கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். தெருவால் போன ஒரு பெண் எனக்காக நின்றாள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று விளங்கிக்கொண்டாளோ என்னவோ, தாளை விரலால் காட்டி, மூடிவிட்டார்கள் என்று அன்பாகச் சொன்னாள். காதை எடுக்காமலே, “ஓம்” என்றேன்.