பிரெட்வின்னர் என்று ஒரு கட்டம்

கம்பெனி நிரப்பித் தரச் சொன்ன வெள்ளைப் பாரம், அதன் நடுவில் ஒரு கட்டம், கட்டத்துக்கு மேல் ‘பிரெட்வின்னர்’ என்ற ஆங்கிலச் சொல். இருபது வருடம் ஆகியும் அது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. பினாங்கில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து வேலை செய்தால் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வோம் என்றார்கள். கட்டத்தில் யார் பெயரோ அவருக்கு வேலை, மற்றவர் வீட்டுக்கு.

எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதால் பெண்கள் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். வெள்ளைக்காரனுக்கு எதற்கெடுத்தாலும் ரொட்டிதான். பிழைப்பு என்றால் ‘பிரெட் அண்ட் பட்டர்’. சாமியிடம் கேட்பது ‘டெய்லி பிரெட்’. குடும்பத்தைத் தாங்குகிறவர் ‘பிரெட்வின்னர்’. மூன்று வேளையும் சோறு தின்கிற நமக்கு ஏன் இந்த வம்பு என்று எரிச்சலாக வந்தது.

“யார் சம்பளத்துல வீடு ஓடுதோ அவங்க பேரு,” என்று சொல்லி முடித்தேன்.

கேட்டுவிட்டு அத்தனை பேரும் கணவன் பெயரை எழுதினார்கள். எந்தப் பாரத்திலும் முதலில் அவர் பெயர்தானே, கை அப்படியே பழகிவிட்டது. என் வீடு ஓடியது என் சம்பளத்தில். ஆனால் என் கணவர் பக்கத்திலேயே நின்றார். நானும் அவர் பெயரைத்தான் எழுதினேன்.

நிபோங் திபாலிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் அக்கா மட்டும் பேனாவைத் திறக்கவில்லை.

“ஆம்பளதான்னு அதுல போட்டிருக்கா, தங்கச்சி?”

“இல்லக்கா.”

“அப்ப சரி லா.”

கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதி, ஸ்டோரில் வேலை செய்த கணவரிடம் கையெழுத்துக்கு நீட்டினார். அத்தனை பேரும் அவரையே பார்த்தோம். அவர் படித்தார், தொண்டையைச் செருமினார்.

“உள்ளதத்தானே எழுதியிருக்க,” என்று கையெழுத்துப் போட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இப்படியும் ஒரு பெண்ணா, இப்படியும் ஒரு மனிதரா என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பிரமிப்பு குறையவில்லை.

அந்த மாதமே எனக்கு வேலை போனது. என் கணவர் சம்பளத்தில் பல வருடம் இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்தினோம்.

போன வாரம் ஜெலுத்தோங் பசாரில் அக்காவைப் பார்த்தேன். அதே கம்பெனியில் சூப்பர்வைசராகி ஓய்வு பெற்றிருக்கிறார். அன்றைக்கு அவருக்கிருந்த துணிச்சலை நான் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அவர் கூச்சத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு என்னம்மா இங்கிலீஷ் தெரியும்? நீ சொன்னத நம்பித்தானே எழுதுனேன்.”